கட்டம் போடுவது யார்?

ஊர்க் கணக்கு கர்ணத்தின் கையில். கூலி நெல்லை அளப்பது பண்ணையாரின் ஆள். அளந்து போட்டதை வாங்கி முந்தியில் கட்டிக்கொண்டு போவது நம்ம சனம். "எத்தன மரக்கா போட்டீங்க?" என்று ஒருத்தன் கேட்டுவிட்டால் போச்சு. "என்னடா, கணக்கா கேக்குற?" என்றுதான் பதில் வரும். குடித்தவனை, சண்டை போட்டவனை நாலு திட்டு திட்டி விட்டுவிடுகிற ஊர், கணக்கு கேட்டவனை லேசில் விட்டதில்லை.

கல்லூரி, பல்கலைக் கழகம் என்று வந்த பிறகும் இந்தக் கதை மாறிவிடவில்லை. சேர்க்கை முடிந்ததும் 'இடஒதுக்கீட்டு விதிகள் முழுமையாகப் பின்பற்றப்பட்டுள்ளன' என்று ஒரே ஒரு வரி எழுதி வைத்துவிடுவார்கள். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரைக் கூப்பிட்டார்கள், எத்தனை பேரைச் சேர்த்தார்கள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பாதியில் போனார்கள் என்று கேட்டால் அதே பழைய முறைப்பு. இப்படிக் கேட்பதற்கு ஒரு சட்டம் 2005ல்தான் வந்தது. ஆனால் கேள்விக்கு நூறு வயசுக்கு மேல். அந்த நூறு ஆண்டுக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். எண்ணிக்கை கிடைப்பது ஒரு விஷயம். எந்தெந்தக் கட்டம் போட்டு, எந்தக் கட்டத்துக்குள் யாரை அடைத்து அந்த எண்ணிக்கையைத் தருகிறார்கள் என்பது இன்னொரு விஷயம். நம்மைக் காணாமல் அடித்த வேலையைப் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான் செய்திருக்கிறது.

1

சென்னை மாகாணத்தில் சாதிக் கணக்கை அரசியலாக்கிய முதல் பெரிய சம்பவம் 1913ல் நடந்தது. அலெக்சாண்டர் கார்டியூ என்கிற வெள்ளைக்கார அதிகாரி அரசுப் பணிகள் பற்றிய ஆணையத்தின் முன்னால் ஒரு பட்டியலை வைத்தார். 1892 முதல் 1904 வரை உயர் பணிக்கான போட்டித் தேர்வில் வென்ற 16 பேரில் 15 பேர் பார்ப்பனர்கள். 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பார்ப்பனரல்லாதார் அறிக்கை இந்தப் புள்ளிவிவரங்களின் மேல்தான் நின்றது. எண்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு இயக்கமே கட்ட முடியும் என்று அந்த அறிக்கை காட்டியது. அதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பட்டியலில் இருந்த கட்டங்களைப் பாருங்கள். பார்ப்பனர் ஒரு கட்டம், பார்ப்பனரல்லாதார் இன்னொரு கட்டம். நிலம் வைத்திருந்த வெள்ளாளரும் அந்த நிலத்தில் பண்ணையாளாக மாரடித்த பறையரும் எண்ணுகிற போது ஒரே கட்டம். வேலையைப் பங்கு போடுகிற போது மட்டும் வேறு வேறு. 1921ல் வந்த வகுப்புவாரி அரசாணையிலும் தாழ்த்தப்பட்டோருக்கென்று தனியாக ஒரு கட்டம் கிடையாது. 1927 ஆணையில்தான் அது வந்தது. 12 இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறித்தவர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. எம்.சி. ராஜா நீதிக்கட்சியோடு முரண்பட்டு வெளியேறியதன் பின்னணியில் இந்தக் கட்டம் பற்றிய கோபமும் இருக்கிறது. 'அல்லாதார்' என்ற சொல்லுக்குள் கரைந்து போனால் நமக்கு ஒண்ணும் மிஞ்சாது என்பது அவர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

அதே 1927ல், மார்ச் 12 அன்று, பம்பாய் சட்டசபையில் கல்வி மானியத்தின் மீது அம்பேத்கர் பேசினார். அரசாங்கம் தானே அச்சடித்த கல்வி அறிக்கையிலிருந்து எண்களை எடுத்துச் சபையில் வாசித்தார். ஆரம்பக் கல்வியில் ஆயிரம் பேருக்கு முன்னேறிய இந்துக்கள் 119, முஸ்லிம்கள் 92, இடைநிலை வகுப்பினர் 38, பின்தங்கிய வகுப்பினர் 18. தீண்டப்படாதோர் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் வருகிறார்கள். உயர்நிலைக் கல்வியில் லட்சம் பேருக்கு 3,000, 500, 140, 14. கல்லூரிக் கல்வியில் இரண்டு லட்சம் பேருக்கு 1,000, 52, 14. பின்தங்கிய வகுப்பினர்? சைபர்.

எண்களை வாசித்ததோடு அவர் உட்கார்ந்துவிடவில்லை. மக்கள் தொகையில் யார் எத்தனாவது இடம், கல்லூரியில் யார் எத்தனாவது இடம் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மக்கள் தொகையில் கடைசியில் இருந்த முன்னேறிய இந்துக்கள் கல்லூரியில் முதலிடம். மக்கள் தொகையில் இரண்டாவதாக இருந்த பின்தங்கியோர் கல்லூரியில் கடைசி. அரசாங்கத்தின் பட்டியலை வாங்கிக்கொண்டு அதில் தன் கட்டத்தைத் தானே போட்டுக்கொண்டார். எட்டு நாள் கழித்து, மார்ச் 20ல், மகத் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளினார். குளத்தில் இறங்கியதை நாம் ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். பட்டியலைத் திருப்பிப் போட்டதையும் கொண்டாட வேண்டும். பொதுவில் இருப்பதில் என் பங்கு எங்கே என்றுதான் இரண்டு இடத்திலும் அவர் கேட்டார்.

2

சேர்க்கை பற்றி 'விசாரித்த' ஒரு பெண்மணியின் கதை நமக்கெல்லாம் தெரியும். ஆனால் அதை யாரும் இந்தக் கோணத்தில் சொல்வதில்லை. 1950ல் செண்பகம் துரைராஜன் என்ற பார்ப்பனப் பெண் சென்னை உயர் நீதிமன்றம் போனார். மருத்துவக் கல்லூரியில் இடம் ஒதுக்கும் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்பது வழக்கு. அப்போது 14 இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரே இந்த அரசாணைக்கு எதிராக வாதாடினார். 1951 ஏப்ரல் 9ல் உச்ச நீதிமன்றம் அரசாணையைச் செல்லாது என்றது. தமிழ்நாடு கொந்தளித்தது. அந்த ஜூன் மாதமே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, 15(4) பிறந்தது.

இந்தத் தீர்ப்பிலேயே ஒரு விஷயம் பதிவாகியிருக்கிறது. துரைராஜன் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டதாகத் தெரியவில்லை. விசாரித்துப் பார்த்தார், தன் சாதிக்கு இடம் கிடைக்காது என்று தெரிந்துகொண்டார், வழக்குப் போட்டார். அவ்வளவுதான். போய் விசாரித்தார், சேர்க்கை விவரம் கிடைத்தது. மனுவும் இல்லை, மேல்முறையீடும் இல்லை, 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்ற கடுதாசியும் இல்லை. தகவல் என்பது சிலருக்கு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்திருக்கிறது. மாமா செனட்டில் இருப்பார், சித்தப்பா பதிவாளர் அலுவலகத்தில் இருப்பார். அப்படி ஒரு மாமா இல்லாதவங்களுக்குத்தான் சட்டம் தேவைப்படுகிறது.

3

சுதந்திரத்துக்குப் பிறகு கணக்கு எடுக்கப்படாமல் இல்லை. எடுத்தார்கள். பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி ஆணையர் ஆண்டறிக்கை எழுதினார். அது நாடாளுமன்ற நூலகத்தில் தூங்கியது. ஐ.ஐ.டி.களில் எஸ்.சி., எஸ்.டி. இடஒதுக்கீடு 1973ல்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் அங்கே நம்மவர் எத்தனை பேர் என்று கேட்க நாதியில்லை. 1980களில் பல்கலைக் கழகங்களில் எஸ்.சி./எஸ்.டி. பிரிவு என்று ஓர் அறை திறந்தார்கள். சேர்க்கை விவரத்தைத் தொகுப்பது அதன் வேலைகளில் ஒன்று. தொகுத்து மேலே அனுப்புவார்கள். அறைக்கு வெளியே நிற்கிற மாணவனுக்குக் காட்டமாட்டார்கள்.

இந்தப் பூட்டை உடைத்தது படித்தவர்கள் அல்ல, ராஜஸ்தானின் கூலிக்காரர்கள். 1990ல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், பஞ்சாயத்து வேலைகளின் மஸ்டர் ரோலைக் காட்டு என்று கேட்டது. செத்துப்போனவர்கள் பெயரிலும் ஊரைவிட்டுப் போனவர்கள் பெயரிலும் கூலி எழுதியிருந்தார்கள். 1994ல் மக்கள் விசாரணை கூட்டி அந்தப் பட்டியலை ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள். 1996ல் பியாவர் நகரில் 40 நாள் உட்கார்ந்தார்கள். நாம் முதலில் பார்த்த மரக்கால் கேள்விதான் அது. அந்தக் கேள்வியே வளர்ந்து 2005 அக்டோபர் 12ல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு 1997லேயே ஒரு சட்டம் போட்டது உண்மை. ஆனால் அதில் தகவலைவிட விலக்குகளே அதிகம்.

அதே 2005 ஜனவரியில்தான் இங்கிலாந்திலும் தகவல் சுதந்திரச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அங்கே கறுப்பின மக்கள் அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது நாம் அறிந்துகொள்ள வேண்டியது. கயானாவிலிருந்து வந்த பெற்றோரின் மகனான டேவிட் லாமி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஆக்ஸ்போர்டையும் கேம்பிரிட்ஜையும் கேட்டார். மொத்தமாகக் கேட்கவில்லை, கல்லூரி கல்லூரியாகக் கேட்டார். ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் கல்லூரி ஐந்தாண்டுகளாக ஒரு கறுப்பு மாணவரைக்கூடச் சேர்க்கவில்லை என்பது 2010ல் வெளியானது. 2017ல் மறுபடி வெளியிட்டார். 2015ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டின் 32 கல்லூரிகளில் 10 கல்லூரிகள், பிரிட்டனில் பள்ளி முடித்த கறுப்பு மாணவர் ஒருவருக்குக்கூட இடம் தரவில்லை. இந்த அசிங்கத்துக்குப் பிறகு, 2018 மே மாதம் முதல் ஆக்ஸ்போர்டு தானாகவே ஆண்டுதோறும் சேர்க்கை அறிக்கை வெளியிட ஆரம்பித்தது.

அங்கேயும் கட்டச் சண்டை நடந்தது. 'போன வருசம் ஆக்ஸ்போர்டில் ஒரே ஒரு கறுப்பர்தான் சேர்ந்தார், கேவலம்' என்ற பொருளில் 2011ல் பிரதமர் கேமரூன் பேசினார். தப்பு, 27 பேர் என்றது பல்கலைக் கழகம். இரண்டும் ஒரே ஆண்டின் கணக்கு. கறுப்பர் எல்லாரையும் ஒரே கட்டத்தில் போட்டால் 27. கரீபியத் தீவுகளிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்தால் 1. பல்கலைக் கழகம் பெரிய கட்டத்தைக் காட்டி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது. ஆனால் அந்த 1 எங்கேயும் போய்விடவில்லை.

4

நம்ம நாட்டு நிலைமைக்கு வருவோம். மத்திய கல்வி நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டு இடஒதுக்கீட்டுச் சட்டம், எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5, ஓ.பி.சி. 27 சதவீதம் என்கிறது. அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு படிப்புப் பிரிவிலும் இந்தச் சதவீதம் வேண்டும் என்கிறது அது. ஆனால் நிறுவனங்கள் தருவது மொத்தக் கணக்கு. ஒரு துறையில் நிரப்பியதை வைத்து இன்னொரு துறையின் ஓட்டையை அடைத்துக் காட்டுவதற்கு மொத்தக் கணக்கைவிட வசதியானது வேறில்லை.

மொத்தக் கணக்கே என்ன சொல்கிறது என்றும் பார்ப்போம். 2015 முதல் 2019 வரை ஐ.ஐ.டி.களில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த சுமார் 25,000 பேரில் எஸ்.சி. 9.1 சதவீதம், எஸ்.டி. 2.1 சதவீதம். இது அரசாங்கம் சொன்ன கணக்கு. ஐ.ஐ.டி. பம்பாயில் அம்பேத்கர் பெரியார் பூலே படிப்பு வட்டத்து மாணவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் துறைவாரியாகக் கேட்டு வாங்கினார்கள். ஐந்தாண்டில் ஒரு பழங்குடி மாணவரைக்கூடச் சேர்க்காத துறைகள் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. மொத்தத்தில் இரண்டு சதவீதம் என்பது பல துறைகளில் சைபர். 1927ல் அம்பேத்கர் வாசித்த அதே சைபர்.

இதைக் கேட்டதும் அவங்க சொல்லுகிற பதில் நமக்கு மனப்பாடம்: 'தகுதியான ஆட்கள் கிடைக்கவில்லை.' இந்த வாயை அடைக்கச் சேர்ந்தவர் எண்ணிக்கை மட்டும் போதாது. விண்ணப்பித்தவர் எத்தனை, எழுத்துத் தேர்வில் தேறியவர் எத்தனை, நேர்முகத்துக்குக் கூப்பிட்டவர் எத்தனை, எடுத்தவர் எத்தனை என்று படிப்படியாகக் கேட்க வேண்டும். நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வந்து, நேர்முகம் வரை ஆள் வந்து, கடைசிப் படியில் மட்டும் காணாமல் போனால், 'ஆள் இல்லை' என்பது பொய் என்று அந்தக் காகிதமே சொல்லிவிடும்.

கடைசிப் படியில் என்ன நடக்கிறது என்பதற்கு தில்லி ஜே.என்.யு.வே சாட்சி. அங்கே எழுத்துக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று மதிப்பெண் இருந்தது. மாணவர்கள் பல ஆண்டுகள் கத்தியதன் பின், 2016ல் பேராசிரியர் அப்துல் நாஃபே குழு இரண்டு மதிப்பெண்களையும் சாதிவாரியாக ஒப்பிட்டுப் பார்த்தது. பாகுபாடு இருப்பதையே அந்த வேறுபாடு காட்டுகிறது என்று எழுதி, 30ஐ 15 ஆகக் குறைக்கச் சொன்னது. நடந்தது என்ன? அதே 2016ல் வந்த பல்கலைக் கழக மானியக் குழு விதிமுறை, எழுத்துத் தேர்வை வெறும் தகுதிக்கு என்று ஆக்கிவிட்டு நேர்முகத்தையே முடிவாக்கியது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு 2018ல் 70க்கு 30 என்று திருத்தினார்கள். கணக்கு வெளியே வந்தால் நியாயம் தானாக வந்துவிடாது. கணக்கு இல்லாமல் இந்த எதிர்ப்புகூட வந்திருக்காது.

இன்னொரு படியும் இருக்கிறது, அது வெளியேறும் படி. கடந்த ஐந்தாண்டுகளில் மத்தியப் பல்கலைக் கழகங்கள், ஐ.ஐ.டி.கள், ஐ.ஐ.எம்.களிலிருந்து இடையில் நின்ற ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் 13,626 பேர் என்று 2023 டிசம்பரில் அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. இதில் எஸ்.சி. மட்டும் மத்தியப் பல்கலைக் கழகங்களில் 2,424, ஐ.ஐ.டி.களில் 1,068, ஐ.ஐ.எம்.களில் 188. சிலர் வேறு படிப்புக்குப் போயிருக்கலாம், வேலை கிடைத்துப் போயிருக்கலாம். எந்தத் துறை, எந்த ஆண்டு, என்ன காரணம் என்று கட்டம் போட்டுக் கேட்டால்தானே தெரியும்! சேர்க்கைப் பட்டியலில் இருந்து, தேர்ச்சிப் பட்டியலில் இல்லாத ஒவ்வொரு பெயரும் ஒரு வீட்டின் பிள்ளை.

5

கேட்கும் முறையைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். மத்திய நிறுவனம் என்றால் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர். மாநிலப் பல்கலைக் கழகம் என்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். பொதுத் தகவல் அலுவலர் 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு, அப்புறம் தகவல் ஆணையம். எதுக்குக் கேக்குற என்று கேட்க அவருக்கு உரிமையில்லை, 6(2) அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பெயரும் முகவரியும் தெரிந்துவிடும். நெறியாளரின் கையெழுத்துக்குக் காத்திருக்கிற ஆய்வு மாணவன் தன் பெயரில் தன் துறைக்கே மனுப்போட வேண்டியதில்லை. ஊரில் இருக்கிற தோழர் ஒருவர் போடலாம். சட்டம் எந்தக் குடிமகனுக்கும் அந்த உரிமையைத் தருகிறது.

மறுப்பதற்கு மூன்று நாலு பாட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். 'அப்படித் தொகுத்து வைக்கவில்லை' என்பது ஒன்று. 2010-11 முதல் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புக்கு ஒவ்வொரு நிறுவனமும் எஸ்.சி., எஸ்.டி. எண்ணிக்கையை நிரப்பி அனுப்புகிறது. அந்தப் படிவத்தின் நகலைக் கேளுங்கள். 'பல பிரிவுகளில் சிதறிக் கிடக்கிறது' என்றால், நேரில் வந்து பதிவேட்டைப் பார்க்கிறேன் என்று எழுதுங்கள். மத்திய விதிப்படி முதல் ஒரு மணி நேரம் இலவசம், பிறகு மணிக்கு ஐந்து ரூபாய். தனியார் கல்லூரி தரமாட்டேன் என்றால், அதை இணைத்துக்கொண்ட பல்கலைக் கழகத்திடம் போன விவரத்தை அங்கே கேட்கலாம்.

'தனிநபர் தகவல்' என்பது இப்போது பெரிதாகிவரும் பாட்டு. தேர்வர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று 2011ல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018ல் யு.பி.எஸ்.சி. வழக்கில் மதிப்பெண் விவரங்களைத் தரச் சொல்ல மறுத்தது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைச் சுருக்கி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கிவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. அதனால் பெயர் கேட்காதீர்கள், எண்ணிக்கை கேளுங்கள். எண்ணிக்கை யாருடைய அந்தரங்கமும் அல்ல.

கடைசியாக, நாம் போடுகிற கட்டத்தைப் பற்றி. 'பொது' என்ற கட்டத்தை உயர்சாதிக் கட்டமாக விட்டுவிடக் கூடாது. மதிப்பெண்ணால் பொது இடத்துக்குள் வருகிற எஸ்.சி. மாணவரை ஒதுக்கீட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது 1992 மண்டல் தீர்ப்பிலேயே இருக்கிறது. எனவே பொது இடத்தில் எஸ்.சி. எத்தனை என்று தனியாகக் கேட்க வேண்டும். நமக்குள்ளும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் எஸ்.சி.க்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் என்று 2009ல் சட்டம் வந்தது. 'எஸ்.சி.' என்று ஒரே கட்டமாகக் கேட்டால் அந்த மூன்று நிரம்பியதா என்று தெரியாது. பெண்கள் எத்தனை என்றும் தெரியாது. மதம் மாறிய கிறித்தவத் தலித்துகள் பிற்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டு அங்கே காணாமல் போயிருக்கிறார்கள். 'அல்லாதார்' என்ற கட்டம் நம்மை விழுங்கியது என்று எழுதுகிற நாம், நம் கட்டத்தால் இன்னொருத்தரை விழுங்கக் கூடாது.

ஒவ்வொரு ஆண்டும் சேர்க்கை முடிகிற மாதத்தில், ஒரு நிறுவனத்துக்கு ஒரு மனு என்று மாணவர் அமைப்புகள் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டும். வருகிற பதிலையும், பதில் வராத தேதியையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். ஓராண்டுப் பதிலை மட்டும் வைத்து ஒண்ணும் நிரூபிக்க முடியாது. பத்தாண்டுப் பதில் கையில் இருந்தால், 'விதிகள் முழுமையாகப் பின்பற்றப்பட்டுள்ளன' என்ற அந்த ஒற்றை வரிக்குப் பக்கத்தில் அதை வைத்து, அம்பேத்கர் வாசித்தது போல உரக்க வாசிக்கலாம்.